இரண்டாவது பிரேக்

எனக்குக் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பதினேழு வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். என்னிடம் படித்தவர்களில் பாதிப் பேர் என்னைத் திட்டிக்கொண்டே லைசென்ஸ் வாங்கியவர்கள். மீதிப் பேர் வாங்கிய கையோடு திட்டியவர்கள். என் பெயரைச் சொல்லிக் கேட்டால் எங்கள் டிரைவிங் ஸ்கூல் வாட்ச்மேனுக்கே தெரியாது. ‘பிரேக் மேடம்’ என்று கேட்டால் வீடுவரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்.

காரணம் இதுதான். பயிற்சிக் காரில் என் காலுக்கடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் கோட்டைவிட்டால் நான் மிதிப்பேன். மிதித்த அடுத்த நொடியே சத்தமாகச் சொல்லிவிடுவேன்: “நான்தான் போட்டேன்.” இது ஸ்கூல் சட்டம் இல்லை, என் சட்டம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படிச் சொல்ல மாட்டேன். அப்போது ஒரு கணக்கு டீச்சர் படிக்க வந்தார். அவர் தடுமாறும்போதெல்லாம் சத்தம்போடாமல் காலை அழுத்திக்கொண்டிருந்தேன். கார் பொசுக்பொசுக்கென்று நிற்கும். அவரோ தனக்குத்தான் கிளட்ச் பிடிபடவில்லை என்று நினைத்திருக்கிறார். பதினோராவது நாள், “எனக்கும் காருக்கும் ஒத்துவராது மேடம்” என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனவர்தான், திரும்பி வரவேயில்லை. ஓட்டியிருக்கக்கூடியவர். நான் வாயைத் திறக்காததால் போனார். அன்றிலிருந்து மிதித்தால் சொல்லிவிடுவேன்.

ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுத்தவள் சொந்த வீட்டில் என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் மகளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். நடக்கத் தெரிவதற்கு முன்னாலேயே அலமாரி மேல் ஏறியவள். பத்தொன்பது வயதில் அந்த வால் ஒருநாள் சுருண்டுகொண்டது. படுக்கையைவிட்டு எழுந்திருக்கவில்லை. குளிக்கவில்லை. பென்சிலைத் தொடவில்லை, அவள் பென்சிலைத் தொடாமல் ஒருநாள்கூட இருந்து நான் பார்த்ததில்லை. மனச்சோர்வு என்றார் டாக்டர். ரொம்ப நிதானமான அம்மாள் அவர், நாங்கள் டாக்டரம்மா என்றுதான் சொல்வோம். மருந்து கொடுத்தார். நானும் விடவில்லை. காலையில் ஜன்னல் திரையை விலக்குவது, பல் தேய்க்க வைப்பது, கையைப் பிடித்துத் தெருமுனைவரை நடத்திக் கூட்டிவருவது என்று இரண்டு வருஷத்தில் மனச்சோர்வைப் பற்றி நானே வகுப்பெடுக்கும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

அப்புறம் ஒருநாள் வாலு எழுந்தாள். சும்மா எழவில்லை. வீட்டுக் கதவுகள் ஆறுக்கும் மஞ்சள் பெயிண்ட் அடித்தாள். சிரித்தாள், பாடினாள், எதிர்வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் படம் வரைந்துகொடுத்தாள். மூன்று மொழி கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம், “எங்க வாலு பழையபடி ஆயிட்டா” என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். எல்லாம் என் உழைப்பு என்று ஒரு பெருமை வேறு. அவள் தூங்குவதே இல்லை என்பது கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. இரண்டு வருஷம் தூங்கியே கிடந்த பிள்ளை விழித்திருந்தால் எந்தத் தாய் குறை சொல்வாள்? ஒன்பதாவது நாள் பேச்சு அவளுக்கே பிடிபடாத வேகத்தில் ஓடியது. நடுரோட்டில் நின்று வண்டிகளை நிறுத்தி, எல்லாருக்கும் ஏதோ ஒரு நல்ல செய்தி சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் அவள் அப்பாவும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.

அங்கேதான் நோயின் பெயர் மாறியது. இருமுனைக் கோளாறு என்றார் டாக்டரம்மா. கேட்டால் ஏதோ மின்சாரச் சாமான் மாதிரி இருந்தது.

“அப்ப ரெண்டு வருஷமா இல்லாத நோய்க்கா மருந்து குடுத்தீங்க?” என்று எகிறினேன். வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் கோபப்படவில்லை. “அப்ப ஒரு பக்கம்தான் தெரிஞ்சுதும்மா. இப்பதான் மறுபக்கம் தெரியுது. மருந்த மாத்தறோம். நல்லா இருப்பா. வேலைக்குப் போவா, எல்லாம் செய்வா.”

“மறுபடி வந்தா எப்படிக் கண்டுபிடிக்கறது?”

“தூக்கத்தப் பாருங்க. தூக்கம் குறையறதுதான் இவளுக்கு முதல் அறிகுறி. அவகிட்டயே கேளுங்க, அவளுக்குத்தான் முதல்ல தெரியும்.”

இதில் முதல் பாதிதான் என் காதில் விழுந்தது.

வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். அதிகம் பேசமாட்டார். “பவர் மாறிடுச்சுன்னா கண்ண மாத்திட்டாங்கன்னா அர்த்தம்? கண்ணாடியதான் மாத்தணும். நம்ம வாலு அதே வாலுதான்” என்றார். முப்பது வருஷத்தில் அந்த மனுஷர் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

மருந்து பிடித்துக்கொண்டது. எட்டு மாதத்தில் வாலு ஒரு போர்டுக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கடைப் பலகை, சுவர் எழுத்து, பள்ளிக்கூடப் படங்கள் என்று எல்லாம் செய்கிற கடை. முதலாளி என்னிடம் கார் ஓட்டப் படித்தவர். இன்றைக்கும் என்னைக் கண்டால் கை தானாக சீட் பெல்ட்டைத் தேடும்.

பிள்ளை நன்றாகத்தான் இருந்தாள். நான்தான் நன்றாக இல்லை. முன்பெல்லாம் அவள் பேசாமல் இருந்தால் பயம். இப்போது சிரித்தால் பயம். டிவியில் ஏதோ வேடிக்கைக்குக் கொஞ்சம் கூடச் சிரித்துவிட்டால் டிவியை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்ப்பேன். அவள் குளிக்கப் போனதும் மாத்திரை அட்டையை எடுத்து எண்ணுவேன். ராத்திரி வாட்ஸ்அப்பில் கடைசியாக எத்தனை மணிவரை இருந்திருக்கிறாள் என்று கைபேசியில் நோட்டம் விடுவேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேனே தவிர, ஒருநாளும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

ஒரு சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் ஓடிவந்தாள்.

“அம்மா! லைப்ரரில பசங்க படிக்கற ரூமு இருக்குல்ல, அந்தச் சுவர் முழுக்க எனக்குத்தான்! முப்பதடி! முதலாளி என்னைய பொறுப்பா போட்டுட்டாரு! ஒரு திமிங்கலம்மா, வாய் தெறந்திருக்கும், வாய்க்குள்ள மெத்தை போட்டுடுவோம், பசங்க உள்ள போய் உக்காந்து படிக்கலாம், வயித்துல ஜன்னல் வெச்சா எப்படி இருக்கும் சொல்லு, மூணே வாரத்துல முடிக்கணும்...”

மேடைமேல் தாவி உட்கார்ந்து ரொட்டி சுற்றிவந்த தாளில் திமிங்கலத்தை வரைந்தாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள்ளே அவள் எத்தனை வார்த்தை பேசினாள், மூச்சு விட்டாளா இல்லையா என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பாவி நான்.

மறுநாள் காலை சாப்பாட்டு மேஜைமேல் பதினான்கு தாள். பதினான்கிலும் திமிங்கலம். அவ்வளவுதான், எனக்கு அந்த மஞ்சள் கதவுகள் கண்முன்னே வந்துவிட்டன. பதினான்கு படத்தை ஒருத்தி எப்போது உட்கார்ந்து வரைந்திருப்பாள்? தூங்கியிருக்கவே மாட்டாள். முடிவே கட்டிவிட்டேன்.

முதல் வகுப்பு முடிந்ததும் காரை ஓரங்கட்டி முதலாளிக்குப் போன் போட்டேன்.

“அந்த லைப்ரரி வேலைய வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க. வேலைப் பளு கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. நான் சொன்னதா அவகிட்டச் சொல்லிடாதீங்க.”

“சரிங்க மேடம், சரிங்க மேடம்” என்றார் மனுஷர். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. டாக்டர் அப்படி ஒரு வார்த்தை சொல்லவேயில்லை. பச்சைப் பொய். போனை வைத்ததும் பெரிய விபத்தைத் தவிர்த்துவிட்ட நிம்மதி. அடுத்த வகுப்புக்கு வந்த பையனை அன்றைக்கு நான் திட்டக்கூட இல்லை.

சாயங்காலம் வாலு மெதுவாகச் செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

“சுவரு எங்க கடை சீனியருக்குப் போயிடுச்சும்மா.”

“ஏனாம்?” என்றேன். கேட்டேனே, அந்த வாய்க்கு என்ன செய்தால் தகும்!

“காரணம் சொல்லல. என் ஸ்கெட்ச் பிடிக்கல போல.”

மறுநாள் போய்விட்டு வந்தாள். அதற்கு மறுநாளும் போனாள். பேச்சு குறைந்தது. விடுமுறையன்று ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். அந்தத் திரையை இரண்டு வருஷம் தினமும் விலக்கியவள் நான். அது மூடிக்கிடந்ததைப் பார்த்ததும் கைகால் ஓடவில்லை. அப்போதும் வாயைத் திறந்தேனா? இல்லை. ‘ரெண்டு நாள்ல சரியாயிடுவா’ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அன்று மத்தியானம் சமையலறை மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். கையில் மாத்திரை அட்டை. அதை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

“அம்மா, ஒண்ணு கேக்கட்டா? நான் நல்லா வரைஞ்சதெல்லாம் நோயினாலதானோ? இந்த மாத்திரைல நோயோட சேந்து கையும் போயிடுச்சு போல. இல்லன்னா எதுக்குப் பிடுங்கிக் குடுக்கறாங்க? கொஞ்ச நாள் நிறுத்திப் பாக்கலாம்னு இருக்கேன்.”

எனக்குக் கணக்கு டீச்சர் ஞாபகம் வந்தார். ‘எனக்கும் காருக்கும் ஒத்துவராது மேடம்.’ காலை அழுத்தியவள் நான். தன்னைக் குறை சொல்லிக்கொண்டு இறங்கிப் போனவர் அவர். இங்கே இறங்கப் போகிறவள் என் மகள். இறங்கினால் மருந்தையும் விட்டுவிட்டு இறங்குவாள். அதற்கப்புறம் எங்கே போய் நிற்பாள் என்று எனக்குத் தெரியும். நடுரோட்டில் அவள் கையைப் பிடித்து இழுத்தவளே நான்தானே.

சொன்னால் என் முகத்தில் விழிக்கமாட்டாள். சொல்லாவிட்டால் அவளையே இழந்துவிடுவேன். அடுப்பை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

“நான்தான் போட்டேன்” என்றேன்.

“எத?”

“பிரேக்க. உன் முதலாளிக்குப் போன் பண்ணி அந்த வேலைய உன்கிட்டேர்ந்து எடுக்கச் சொன்னது நான். டாக்டர் சொன்னாங்கன்னு பொய் சொன்னேன். உன் கைக்கு ஒண்ணும் ஆகல. உன் படத்த யாரும் குறை சொல்லல.”

அவள் முகம் மாறியதை எழுத எனக்குத் தெரியாது. எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“ஏன்?”

“பதினாலு படம் இருந்துச்சு. நீ தூங்கலன்னு நெனச்சேன்.”

“அதெல்லாம் சுவரு கெடைக்கறதுக்கு முன்னாடியே கடைல மூணு நாளா உக்காந்து வரைஞ்சதும்மா! அன்னிக்கு நான் எட்டு மணி நேரம் தூங்கினேன்! ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!” மாத்திரை அட்டையை மேஜைமேல் போட்டாள். “படுத்துக் கெடந்தா எந்திரிங்கற. எந்திரிச்சா உக்காருங்கற. நான் எப்படித்தான் இருக்கணும் உனக்கு? அளவு சொல்லிடு. அந்த அளவுக்கு மட்டும் சிரிச்சுட்டுப் போறேன்!”

எனக்கும் கோபம் வந்தது. தப்பு மொத்தமும் என் பக்கம், அப்படியும் வந்தது. என் கோபத்துக்கு நியாயமெல்லாம் தெரியாது. “பயமா இருக்குடி!” என்று கத்தினேன். “போன தடவ நீ சிரிச்சப்ப நானும் கூடச் சேந்து சிரிச்சேன். ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தேன். கண்ணெதிர்ல நீ போய்க்கிட்டே இருந்த, நான் கை தட்டிக்கிட்டு இருந்தேன். மறுபடி அப்படி ஏமாந்துடுவேனோன்னு பயமா இருக்கு!”

சொல்லி முடித்ததும் பொலபொலவென்று அழுதுவிட்டேன். வாலு என்னைச் சமாதானப்படுத்தவில்லை. ஏன் செய்யவேண்டும்? நாற்காலியை நிமிர்த்தி வைத்தாள். அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தாள். டம்ளரை வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகவே இருந்தது.

“நாளைக்கு என்கூட கடைக்கு வர்ற. முதலாளிகிட்ட நீயே சொல்ற” என்றாள்.

போனேன். என்னிடம் திட்டு வாங்கிப் படித்த மனுஷர் முன்னால், பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே, கைகட்டி நின்றேன்.

“டாக்டர் ஒண்ணும் சொல்லலங்க. நான் சொன்னது பொய்.”

“மேடம், நீங்களா?” என்றார் அவர். சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாமல் விழித்தார்.

வாலு குறுக்கே வந்தாள். “மீதிய நான் சொல்லிடறேன் சார். எனக்கு இருமுனைக் கோளாறுன்னு ஒரு நோய் இருக்கு. மருந்து சாப்பிடறேன். ரெண்டு நாள் சேந்தாப்ல அஞ்சு மணி நேரத்துக்குக் கம்மியா தூங்கினா, மூணாவது நாள் வேலைக்கு வரமாட்டேன், டாக்டர்கிட்ட போவேன். அத நானே உங்களுக்குச் சொல்லிடுவேன். இப்ப சொல்லுங்க, சுவரு எனக்கா இல்லையா?”

என் கையில் வளர்ந்த பிள்ளைதான் அது. அன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கிறமாதிரி பார்த்தேன். பெருமையாக இருந்தது, காட்டிக்கொள்ள எனக்குத் தகுதியில்லை.

முதலாளி தலையைச் சொறிந்தார். பின்னாலிருந்து சீனியர் குரல் கொடுத்தார். “எனக்கு ஏணி ஏறினா முட்டி ஒத்துக்கல சார். திமிங்கலத்த அந்தப் பொண்ணே பாத்துக்கட்டும். நான் கீழ நின்னு கடலுக்கு நீலம் அடிக்கறேன்.”

வீட்டுக்கு வந்ததும் வாலு ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள். அம்மா காலையில் ஒரே ஒரு தடவை ‘எவ்ளோ நேரம் தூங்கினே’ என்று கேட்கலாம். ஐந்து மணி நேரத்துக்குக் குறைந்தால் மட்டும் மேற்கொண்டு பேசலாம். மாத்திரையை எண்ணக் கூடாது, போனை நோண்டக் கூடாது. பிரேக் போடுவதாக இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போட வேண்டும். கீழே என்னிடம் கையெழுத்து வாங்கினாள். சாட்சிக் கையெழுத்து அவள் அப்பா; படித்துப் பார்த்துவிட்டு, “எழுத்து நல்லா தெளிவா இருக்கு” என்று மட்டும் சொன்னார்.

சுலபமாக இருந்தது என்று சொன்னால் அது இன்னொரு பொய். பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டுக்குள் வருவாள். நான் நாக்கைக் கடித்துக்கொள்வேன். தலையெல்லாம் நீல பெயிண்டோடு வந்து ஆட்டம் போடுவாள். வெங்காயம் நறுக்கப் போய்விடுவேன். அந்த இரண்டு வாரத்தில் எங்கள் வீட்டில் நறுக்கின வெங்காயத்துக்கு ஒரு அளவே இல்லை. காலையில் ஒரு தடவை கேட்பேன். “ஏழு” என்பாள். “ஏழரை” என்பாள். ஒருநாள் “ஆறு” என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், “தாள்ல அஞ்சுன்னுதான் போட்டிருக்கு” என்று விரலை நீட்டினாள். சரி என்று விட்டுவிட்டேன். நடுவில் ஒருநாள் என் மாணவரை அந்த லைப்ரரி பக்கமாக ஓட்டச் சொல்லி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். ஏணி உச்சியில் நின்று திமிங்கலத்தின் முதுகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததை அன்றைக்கே அவளிடம் சொல்லிவிட்டேன். “கேட்டுட்டுப் பாத்திருக்கணும்” என்றாள், கோபமில்லாமல்தான்.

பதினாறாம் நாள் காலை. பாலை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தேன். இன்னும் கேட்கவில்லை. வாலு குளித்து உடுத்திக்கொண்டு வந்து நின்றாள். தோளில் பை. விரல் நகங்களில் நீலம்.

“அம்மா, முந்தாநாள் நாலு மணி நேரம். நேத்து மூணரை.”

“நேத்துக் காலைல ஏழுன்னியே.”

“பொய் சொன்னேன். திமிங்கலத்துக்கு ஒரே ஒரு கண்ணுதான்மா பாக்கி. முடிச்சுட்டுச் சொல்லலாம்னு நெனச்சேன்.” அவள் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, வேண்டுமென்றே மெதுவாகப் பேசினாள். “பேச்சு வேகமா வருது. எனக்கே கேக்குது. இன்னிக்கு அங்க போனா கண்ணோட நிறுத்தமாட்டேன், கூரையையும் சேத்து அடிச்சுடுவேன். எழுந்ததும் டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணிட்டேன், பத்து மணிக்கு வரச் சொல்லிட்டாங்க. முதலாளிக்கும் சொல்லிட்டேன். கண்ணு அப்புறம்னு சொல்லிட்டேன்.”

பால் பொங்கி வழிந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வாலுதான் எட்டி அடுப்பை அணைத்தாள்.

“முதலாளி உன்ன வரவேணாம்னு சொன்னாரா?” என்றேன். “இல்ல அப்பா ஏதாவது சொன்னாரா?”

“யாரும் சொல்லல.” கார் சாவியை ஆணியிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

“நான்தான் போட்டேன்” என்றாள்.